சிறுதொழில் பொறிகளுக்கான விலை குறைந்த நிரல்படு தருக்கச் சில்லுத் தேர்வு: அரும்பாவூர் மரச்செதுக்குத் தொழிலை முன்வைத்து

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பங்கள் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. சிற்பத்தின் முகபாவத்தையும் நுண்வேலைப்பாட்டையும் உளியே தீர்மானிக்கிறது. எனினும், மரத்துண்டைச் சமன்செய்தல், மிகை மரத்தை நீக்குதல் போன்ற தொடக்கப் பணிகளைச் சி.என்.சி. எனப்படும் கணினிவழி வெட்டுப்பொறியால் செய்ய இயலும். அத்தகைய பட்டறைக்கேற்ற மூவச்சுப் பொறியின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு எஃப்.பி.ஜி.ஏ. போன்ற நிரல்படு தருக்கச் சில்லைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவையைக் கணக்கிடல்

ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்ட ஸ்டெப்பர் மோட்டாரின் ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பகுத்தால், ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்புகள் தேவை. திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துவதாகவும், நகர்வேகம் நிமிடத்திற்கு 3,000 மி.மீ. எனவும் கொண்டால், மோட்டார் நொடிக்கு 10 முறை சுழலும். ஓர் அச்சுக்கு நொடிக்கு 32,000 துடிப்புகள் வேண்டும். இதனை விலை குறைந்த மைக்ரோகண்ட்ரோலரே தரவல்லது. எனவே, துடிப்பு வேகம் மட்டுமே தருக்கச் சில்லை நாடுவதற்குக் காரணமாகாது. மூன்று அச்சுகளின் என்கோடர்களையும் ஒரே வேளையில் எண்ணுதல், எல்லைச் சுவிட்சு இயங்கியவுடன் மென்பொருளுக்காகக் காத்திராமல் துடிப்பை நிறுத்துதல் ஆகியவை சேரும்போதே அதன் தேவை எழுகிறது. 12 மெகா ஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு சுழற்சி ஏறத்தாழ 83 நானோ நொடியே ஆதலால், சிறிய சில்லே இப்பணிக்குப் போதும். அவசர நிறுத்தப் பொத்தான் மட்டும் எச்சில்லையும் சாராது மின்வழங்கலை நேரடியாகத் துண்டிக்க வேண்டும்.

தேர்வு அளவுகோல்கள்

முதலாவது, துணை உறுப்புகள். லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 சில்லுக்கு 1.2 வோல்ட் உள்மின்னழுத்தம் தனியே தேவை. அதன் நிரல் பெரும்பாலும் வெளி ஃபிளாஷ் நினைவகத்தில் வைக்கப்படுகிறது. ஆல்டெராவின் மேக்ஸ் 10 சில்லில் ஃபிளாஷ் உள்ளேயே அமைந்துள்ளது. அதன் ஒற்றை மின்வழங்கல் வகை 3.3 வோல்ட்டில் இயங்கும். ஆகவே, மலிவான சில்லு மலிவான பலகையைத் தரும் என்பது உறுதியன்று.

இரண்டாவது, சூழல். தொழிற்சாலை உணரிகளின் 24 வோல்ட் சமிக்ஞைகளை ஆப்டோகப்ளர் வழியாகவே சில்லுக்குள் செலுத்துதல் வேண்டும். வணிகத்தரச் சில்லுகள் பொதுவாக 85 பாகை செல்சியஸ் உள்வெப்பம் வரையும், தொழில்தரச் சில்லுகள் 100 பாகை வரையும் உத்தரவாதம் பெற்றவை. மரத்தூள் புகாதவாறு மூடிய பெட்டியில் இவ்வேறுபாடு முக்கியமானது.

மூன்றாவது, பழுதுநீக்கம். கால்கள் வெளியே தெரியும் சில்லைப் பற்றவைப்புக் கோலால் மாற்றலாம்; அடியில் உருண்டைகள் கொண்ட பி.ஜி.ஏ. வகைக்குச் சிறப்புக் கருவி தேவை.

நான்காவது, கிடைக்கும் காலம். எக்ஸ்சி9500எக்ஸ்எல், ஸ்பார்ட்டன்-3 உள்ளிட்ட பழைய சில்லுகளின் உற்பத்தியை நிறுத்துவதாக ஏ.எம்.டி. நிறுவனம் 2024இல் அறிவித்தது. அவற்றை நம்பிய பலகைகளுக்கு மாற்றுச் சில்லு தேடும் நிலை உருவாயிற்று.

முடிவுரை

சில்லின் விலையைவிடப் பலகையின் ஆயுட்காலச் செலவே தேர்வின் அடிப்படையாதல் வேண்டும். மேலும், வடிவமைப்பை ஒரு நிறுவனத்திற்கே உரிய ஆயத்தத் தொகுதிகளைத் தவிர்த்து, பொதுவான வெரிலாக் அல்லது வி.எச்.டி.எல். மொழியில் எழுதினால், சில்லு சந்தையிலிருந்து மறைந்தாலும் வடிவமைப்பை வேறொரு சில்லுக்கு மாற்றிப் பொறியைத் தொடர்ந்து இயக்கலாம்.