தண்ணியுள்ள காட்டுக்கு டிரான்ஸ்ஃபர்!

ஆபீஸில் மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் முதலில் வரும் வசனம், "தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கிப் போட்டுடுவேன்!" என்பதுதான். அந்தமான் பக்கம் மாற்றலாகிப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. சுற்றிலும் தண்ணி. மே மாசத்திலிருந்து டிசம்பர் வரை மேலேயிருந்தும் தண்ணி. நடுவில் நிஜமாகவே காடு.

1858-ல் வெள்ளைக்காரன் அங்கே கைதிகளைத்தான் அனுப்பினான். தண்டனை என்று பெயர். இன்றைக்கு நம்மை அனுப்புகிறார்கள். போஸ்டிங் என்று பெயர். அலவன்ஸும் உண்டு. மெயின்லேண்டிலிருந்து போகும் மத்திய அரசு ஊழியருக்குத் தீவுப் பணிப் படியாக அடிப்படைச் சம்பளத்தில் 10, 16, 20 சதவீதம் என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். ஊர் கஷ்டமாக ஆக, சதவீதம் ஏறும். 40,000 ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரருக்கு 20 சதவீதம் என்றால் மாசம் 8,000. கேட்டதும் நாக்கில் எச்சில் ஊறுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்து நண்பர் ஒருவருக்கு 2013-ல் கேம்ப்பல் பேயில் போஸ்டிங். "போர்ட் பிளேர்தானே மாப்ளே, ரெண்டு மணி நேர ஃப்ளைட்டு" என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்பினார். போர்ட் பிளேர் வரைக்கும் அது சரி. (2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.) சென்னையிலிருந்து சுமார் 1,360 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், கப்பலில் சுமார் மூன்று நாள். ஆனால் கேம்ப்பல் பே அங்கிருந்து இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கிறது. மறுபடியும் கப்பல். வழியில் ஒவ்வொரு தீவாகத் தொட்டுத் தொட்டுப் போகும், நம்மூர் டவுன் பஸ் மாதிரி.

கன்னியாகுமரிதான் இந்தியாவின் தென்கோடி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்கள் கவனிக்க: நிஜமான தென்கோடி இந்தத் தீவில் இருக்கும் இந்திரா முனை. அங்கிருந்து சுமத்ரா பக்கம்தான். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் அந்த முனை 4 மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. தரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் காலடிக்குக் கடல் வந்துவிட்டது.

போன புதிதில் நண்பரைக் குழப்பியது கடிகாரம். கடிகாரத்தில் ஓடுவது நம்ம நேரம்தான். சூரியன் மட்டும் முக்கால் மணி நேரம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மூட்டை கட்டிவிடும். ஆபீஸ் முடிந்து வெளியே வந்தால் ராத்திரி! அப்புறம் என்ன செய்வது? சாப்பிட வேண்டியது, தூங்க வேண்டியது.

தமிழ் கேட்காதோ என்று பயப்பட வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 15 சதவீதம். போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் இருக்கிறார். கேம்ப்பல் பேயிலோ 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றினார்கள். அவர்களில் பஞ்சாபிகள் நிறைய. நண்பர் அங்கே போய் இந்தி கற்றுக்கொண்டார், சப்பாத்தியும் கற்றுக்கொண்டார்.

நம்மூரில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதுபோல அங்கே "கப்பல் வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பு. வெங்காயம், உருளைக்கிழங்கு, மருந்து, கேஸ் சிலிண்டர் எல்லாம் கப்பல் தயவு. சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளித் தொல்லையும் இல்லை. பழங்குடி மக்களைப் பாதுகாக்க 1956-ல் போட்ட சட்டம் இருப்பதால், வெளியாள் நிக்கோபார் பக்கம் போக அனுமதிச் சீட்டு வேண்டும்.

"செலவழிக்க இங்க என்ன இருக்கு? சம்பளம் அப்படியே மிச்சம் மாப்ளே" என்பார் நண்பர். மூன்று வருஷத்தில் நாலு லட்சத்துச் சொச்சம் சேர்த்தார். தங்கை கல்யாணக் கடன் அடைந்தது. பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரவுப் பக்கம் பிரமாதம்.

செலவுப் பக்கத்தையும் பார்ப்போம். 2015 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி அவருக்கு போன் வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த கப்பல் வெள்ளிக்கிழமை. ஹெலிகாப்டரில் இருப்பதே சில சீட்டுகள். அதிலும் நோயாளிகளுக்குத்தான் முதல் உரிமை. அந்த வாரம் மழையில் அதுவும் பறக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் அப்பா போய்விட்டார். தம்பி லைனில் வந்தான்.

"அண்ணே, வைக்கட்டுமா, எடுக்கட்டுமா?"

நண்பர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கப்பல், அப்புறம் போர்ட் பிளேர், அங்கே விமான டிக்கெட், சென்னை, திருநெல்வேலி. கணக்கு எந்த வழியிலும் ஒத்துவரவில்லை. "எடுத்துருங்கலே" என்றார். தம்பி கொள்ளி வைத்தான். மூத்த பிள்ளை வீட்டுப் படியேறியது ஆறாம் நாள்.

அன்றைக்கு சாட்டிலைட் காலம், லைன் கிடைப்பதே பெரிய பாடு. 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டுத் திறந்துவைத்தார்கள். சுமார் 2,300 கிலோமீட்டர். கிரேட் நிக்கோபார் வரைக்கும் போகிறது. இன்றைக்குப் போகிறவர் அம்மா முகத்தைச் செல்போனில் தினமும் பார்க்கலாம். ஆனால் கேபிளில் முகம் போகும், ஆள் போக முடியாது. ஆளுக்கு இன்றைக்கும் அதே கடல்தான், அதே மழைதான்.

"அப்போ, போகாதேன்னு சொல்றியா?" என்று நண்பரைக் கேட்டேன்.

"சேச்சே! அந்தக் கடலைப் பார்க்காம செத்தா வேஸ்ட்டு மாப்ளே. போகலாம். ஆனா பேசிட்டுப் போகணும். 'எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நீ பண்ணு'ன்னு தம்பிகிட்ட நான் கிளம்பும்போதே சொல்லியிருக்கணும். அபசகுனம்னு வாயைத் திறக்கல. அவன் அந்த நேரத்துல என்னைக் கேட்டுட்டு நின்னான் பாரு, அதுதான் இன்னிக்கும் உறுத்துது."

எனவே, ஆர்டர் கைக்கு வந்ததும் சூட்கேஸைத் தேடாதீர்கள். முதலில் தம்பியையோ தங்கையையோ உட்காரவைத்துப் பேசுங்கள். ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது, பணம் எங்கே இருக்கிறது, நான் வராவிட்டால் யார் முன்னே நிற்பது, எல்லாவற்றையும். அப்பா அம்மாவுக்கு ஒரு தடவை முழு செக்கப் பண்ணிவிடுங்கள். பிறகு குடை, டார்ச், உங்களுக்கு வேண்டிய மாத்திரைகள்.

அப்படியே, ஆடுகிற பல் ஏதாவது இருந்தால் இங்கேயே பிடுங்கிக்கொண்டு போவது உத்தமம். பல்வலிக்காகக் கப்பல் முன்கூட்டி வராது!