போட்ட யூரியா எங்கே போகுது? மணல் வயலில் நடப்பது இதுதான்!

தஞ்சை டெல்டான்னாலே களிமண்தான் ஞாபகம் வரும். ஆனா கல்லணைக் கால்வாய் பாயும் பட்டுக்கோட்டை பக்கம் மணல் கலந்த நிலமும் உண்டு. அங்கே யூரியா போட்டும் பயிர் வெளிறுவது ஏன்?

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோதான். அது மண்ணில் முதலில் அமோனியமாகிறது. இதைக் களிமண் பிடித்துக்கொள்ளும். மணலில் களி குறைவு, தண்ணீரும் நிற்காது. வயல் காய்ந்து காற்று புகுந்ததும் அமோனியம் நைட்ரேட்டாகிறது. நைட்ரேட் எந்த மண்ணிலும் ஒட்டாது. அடுத்து தண்ணீர் பாய்ச்சினாலே வேரைத் தாண்டி இறங்கிவிடும். நம்ம காசு போர் தண்ணீரில் கலக்குது! பொட்டாஷும் ஓரளவு இப்படித்தான், மணிச்சத்து அவ்வளவாக நகராது.

அதனால்தான் அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது எனப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். 2015-ல் கட்டாயமான வேப்பெண்ணெய் பூச்சும் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். கனமழை வரும்னா அன்னிக்கு மேலுரம் போடவே வேண்டாம்.