நாயின் மூன்றாம் இமை

ஓராண்டுகூட நிரம்பாத நாய்க்குட்டியொன்று மாலையில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறது. மறுநாட் காலையில் அதன் கண்ணில், மூக்கை ஒட்டிய ஓரத்தில், சிவந்து உருண்ட சதையொன்று பிதுங்கி நிற்கின்றது. காண்போர் அதனைக் கட்டி என்று கருதி அஞ்சுவர். வெட்டி எறிந்துவிட்டால் தொல்லை தீரும் என்றும் எண்ணுவர். அவ்வெண்ணமே ஆபத்தானது. வெளிவந்திருப்பது கட்டியன்று; கண்ணீரைச் சுரக்கும் சுரப்பி.

இமையின் அமைப்பு

மனிதனின் கண்ணுக்கு இமைகள் இரண்டு. நாயின் கண்ணுக்கோ மூன்று. மூன்றாவது இமை கண்ணின் உட்கோணத்தில், கீழ் இமைக்குப் பின்னே மறைந்துள்ளது. விழி உள்வாங்கும்பொழுது அது குறுக்கே நகர்ந்து விழியைப் போர்த்துகின்றது. தூசியைத் துடைத்து, கண்ணீரைச் சீராகப் பரப்புகின்றது. பறவைகளுக்கும் இத்தகைய இமை உண்டு. மனிதக் கண்ணின் உட்கோணத்தில் காணப்படும் சிறு மடிப்பு இதன் எச்சமே.

இவ்விமைக்கு உறுதி தருவது ஒரு மெல்லிய குருத்தெலும்பு. அதன் அடிப்பகுதியைச் சூழ்ந்து ஒரு சுரப்பி அமைந்துள்ளது. கண்ணீரின் நீர்ப்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இதிலிருந்தே வருகின்றது. எஞ்சியதை விழிக்கு மேலுள்ள கண்ணீர்ச் சுரப்பி தருகின்றது.

சுரப்பி பிதுங்குவது ஏன்?

சுரப்பியை அதனிடத்தில் பிணைத்துள்ள இழைமம் தளர்ந்திருப்பின், சுரப்பி மேலெழுந்து இமையின் விளிம்பைக் கடந்து வெளிவருகின்றது. காற்றும் தூசியும் படவே, அது வீங்கிச் சிவக்கின்றது. செர்ரிப் பழத்தைப் போன்ற தோற்றத்தால் இதனைச் ‘செர்ரிக் கண்’ என்பர். புல்டாக், காக்கர் ஸ்பானியல், பீகிள், லாசா அப்ஸோ ஆகிய இனங்களில், பெரும்பாலும் இரண்டு வயதிற்குட்பட்ட நாய்களுக்கு இது வருகின்றது. ஒரு கண்ணில் தோன்றியது, பின்னர் மறு கண்ணிலும் தோன்றுதல் உண்டு.

வெட்டுதல் ஏன் தவறு?

முன்னாளில் மருத்துவர் பலர் இச்சுரப்பியை வெட்டியெடுத்தனர். புண் விரைவில் ஆறியது. ஆயினும் சில மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் பல நாய்களின் கண்கள் வறண்டன. 1980 முதல் 1990 வரை மருத்துவம் பெற்ற 89 நாய்களைப் பற்றி மார்கன் என்பாரும் அவர்தம் துணைவரும் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. சுரப்பி வெட்டப்பட்ட கண்களிலும், மருத்துவமின்றி விடப்பட்ட கண்களிலும் வறட்சி மிகுதி. சுரப்பியை மீண்டும் உள்ளே பொருத்திய கண்களில் குறைவு.

கண்ணீர் குன்றினால் விழியின் தெளிந்த முன்படலம் ஒளி மங்குகின்றது. கெட்டியான பீளை கட்டுகின்றது. படலத்தில் கருமை படர்ந்து பார்வையும் குன்றுகின்றது. செர்ரிக் கண்ணுக்கு இலக்காகும் இனங்கள் சில, இயல்பாகவே கண்வறட்சிக்கும் இலக்கானவை. அவற்றிற்கு இச்சுரப்பியின் இழப்பு இருமடங்கு கேடாகும்.

இன்றைய சிகிச்சை

இன்று பரவலாகக் கையாளப்படும் முறையில், சுரப்பியின் இருபுறத்தும் மெல்லிய சவ்வைக் கீறி, பைபோன்ற இடம் அமைத்து, சுரப்பியை அதனுள் அமிழ்த்தி, தானே கரையும் நுண்ணிழையால் தைத்துவிடுவர். கண்ணீர் வெளிவருவதற்காக இரு முனைகளிலும் சிறு வழி விடுவர். சிலவற்றில் சுரப்பி மீண்டும் பிதுங்குதல் உண்டு. அப்பொழுதும் மீண்டும் பொருத்துவதே முறை.

கண்ணீரின் அளவை அறியச் சிர்மர் சோதனை உதவுகின்றது. வடிதாள் துண்டொன்றைக் கீழ் இமையினுள் ஒரு நிமிடம் செருகி, ஈரம் ஏறிய தொலைவை அளப்பர். நலமான நாயில் அது 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேலிருக்கும்; 10-க்குக் குறையின் வறட்சி என ஐயுறுவர். வறட்சி கண்ட நாய்க்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் மருந்திட நேரும்.

வளர்ப்போர் செய்யத்தக்கவை சிலவே. நாய் கண்ணைத் தேய்க்காதபடி காத்தல் வேண்டும். மனிதருக்கான கண்மருந்தைத் தாமாக இடலாகாது. விழியில் புண் இருப்பின் அவற்றுட் சில பெருங்கேடு செய்யும். முதிய நாயின் கண்ணில் தோன்றும் வீக்கம் மெய்யாகவே கட்டியாகவும் இருக்கலாமாதலின், அதனைக் கால்நடை மருத்துவர் தாமதமின்றி ஆராய்தல் வேண்டும். இளநாயின் கண்ணில் பிதுங்கியது சுரப்பியே எனத் தெளிந்தபின், ‘இதனை உள்ளே பொருத்த இயலுமா?’ என்பதே மருத்துவரிடம் முதலில் கேட்கத்தக்க கேள்வி.