குடியை விட எவ்வளவு செலவு?

ஒரு நாள் பள்ளி விட்ட நேரத்தில், எங்கள் தோட்டத்து அம்மாள் ஒருவர் கையில் ஒரு கடுதாசியோடு வந்தார். "வாத்தியாரய்யா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். மகனின் போதைப் பழக்கத்தை நிறுத்துவதற்காக ஒரு தனியார் இல்லம் கொடுத்த பில் அது. மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தார். அதற்காகக் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. பையனோ ஒன்பதாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டான். மிச்சப் பணம் கிடைக்குமா என்பதுதான் அவர் கேள்வி. கட்டிய பணம் திரும்பத் தரப்படாது என்று பில்லின் அடியில் மலாயில் பொடி எழுத்தில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

மறுவாரம் தாயையும் மகனையும் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பதிவுக்கு ஒரு வெள்ளி கேட்டார்கள். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "இவ்வளவுதானாய்யா?" என்றார்.

ஆம், தாய்மார்களே, இவ்வளவுதான். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு 2005 முதல் மெத்தடோன் மருந்துச் சிகிச்சையும் நம் நாட்டில் நடந்து வருகிறது. ஏ.ஏ.டி.கே. எனப்படும் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், தாமாக முன்வருபவர்களுக்குக் கட்டணமில்லாமல் சிகிச்சை தருகிறது.

"அங்கே போனால் போலீஸ் பிடித்துவிடுமே" என்று பலர் அஞ்சுகிறார்கள். தானே வந்து சிகிச்சை கேட்பவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தனி வழி வைத்திருக்கிறார்கள். வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். இந்த வழி தெரியாத பயம்தான் நம்மவர்களை அடகுக் கடைக்கு அனுப்புகிறது.

குடிப் பழக்கத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும. பல வருடம் தினமும் சம்சு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக் குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அவரை அறையில் பூட்டி வைக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அதன்பின் மனவுறுதிக்குத் துணை வேண்டுமானால், 1935இல் அமெரிக்காவில் தொடங்கி நம் நாட்டிலும் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே கட்டணம் கிடையாது. விரும்பியவர் விரும்பியதைப் போடுவார்.

தனியார் இல்லங்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்லவையும் உண்டு. ஆனால் பணம் கட்டுமுன் ஐந்து கேள்வி கேளுங்கள். நிலையம் நடத்த அரசாங்க அனுமதி இருக்கிறதா? மாதம் எவ்வளவு? சாப்பாடு, மருந்து, டாக்டர் செலவு அதில் அடங்குமா? பாதியில் வந்துவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? கட்டும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். புரியாத மொழியில் இருந்தால், கையெழுத்துப் போடுமுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போட்டபின் கொண்டு வந்தால், படித்துச் சொல்வதைத் தவிர வாத்தியாரால் வேறு எதுவும் செய்ய முடியாது.

நோய் வருமுன் காப்பதற்கோ பில்லே கிடையாது. 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்பது விதி. கடைக்காரரிடம் நாலு தாய்மார்கள் சேர்ந்து போய் இதை நினைவூட்டுங்கள். அப்பாவுக்குப் போத்தல் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். மாலையில் திடலில் பையன்களுக்கு ஒரு பந்து போதும். அவர்களோடு நிற்க ஒரு பெரியவர் போதும்.

அந்தச் சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. பையன் மட்டும் தவறாமல் கிளினிக்குக்குப் போய் வருகிறான். எது பெரிய நகை என்று அந்தத் தாய்க்குத் தெரியும்.