தாயக்கட்டையில் ஒரு வீரர் களம்

ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு வந்தால் நாணயமும் பகடையும் கரும்பலகையில் ஏறிவிடும். மாணவர்கள் விடையைச் சரியாகவே எழுதுவார்கள். ஆனால் அந்த விடையை நம்பி அவர்கள் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. முடிவெடுக்க வைக்கும் ஒரு விளையாட்டை ஏற்காட்டில், தலைச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகளோடு நடத்தி வருகிறேன்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. ஆட்டக்காரர் ஒரு கற்பனை வீரரை உருவாக்கி, அவர் என்ன செய்கிறார் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். இத்தகைய வீரர்களைக் களத்தில் மோதவிட்டுப் போட்டியும் நடத்துவார்கள். அதற்கு இருபது முகப் பகடை வாங்க வேண்டும். நமக்குத் தாயக்கட்டை போதும்.

ஒரு கட்டையில் வெறுமை, 1, 2, 3 என நான்கு பக்கங்கள். இரண்டை உருட்டினால் 16 வாய்ப்புகள். 3 விழ நான்கு வழிகள், 2க்கும் 4க்கும் மூன்று மூன்று, 1க்கும் 5க்கும் இரண்டிரண்டு, 6க்கு ஒன்று, இரண்டும் வெறுமையானால் 12, அதற்கும் ஒன்று. இதை நான் சொல்லித் தருவதில்லை. 160 முறை உருட்டிக் குறிக்கச் சொல்வேன். 3 ஏறத்தாழ 40 முறை விழுவதைப் பார்த்த பிறகு காரணத்தை அவர்களே தேடுகிறார்கள். (தாயம் விழுந்தால் மறுபடி போடும் வழக்கம் இங்கே கிடையாது, மணி அடித்துவிடும்.)

வகுப்பை எட்டு அணிகளாக்கலாம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு வீரர். அவருக்குக் காப்பு, உயிர் என இரண்டு எண்கள். எதிரி உருட்டியது காப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் ஓர் உயிர் போகும். காப்பு 3 என்றால் அடிபடும் வாய்ப்பு 11/16. 4 என்றால் 7/16. 5 என்றால் 4/16. ஒரே ஒரு எண் கூடினாலும் பலன் ஒரே அளவில் கூடுவதில்லை. ஆகவே விலையும் சமமாக இருக்கக் கூடாது. நான் வைத்திருப்பது: காப்பு 3க்கு 8 உயிர், 4க்கு 5, 5க்கு 3. எதை எடுத்தாலும் வீரர் சராசரியாக 11 அல்லது 12 வீச்சு தாங்குவார். எது நல்லது என்று அணிக்குள் நடக்கும் வாக்குவாதம்தான் பாடம். அதை அவசரப்பட்டு முடித்துவைக்காதீர்கள்.

உருட்டும் முன் ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும். களத்தில் உள்ள ஒரு பொருள் அதில் வர வேண்டும். எங்கள் களத்தில் காப்பிச் செடி, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக், பாறை, இறங்கி வரும் பனி எல்லாம் உண்டு. பேசுபவர் முறைக்கு முறை மாற வேண்டும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை இங்கே பின்தங்குவதில்லை. வீட்டில் பேசும் மலைப்பேச்சிலேயே சொல்லட்டும், திருத்த வேண்டாம். தொடக்க வகுப்புகளில் நிகழ்தகவை விட்டுவிட்டுக் கூட்டலும் வாக்கியமும் போதும்.

சண்டை விளையாட்டைப் பள்ளியில் நடத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் சண்டையில் எதிரியின் முறைக்குக் காத்திருக்கும் வேலையே இல்லை. இங்கே காத்திருக்க வேண்டும், எதிரணி சொல்வதைக் கேட்க வேண்டும். இரண்டு விதிகளில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தோற்ற வீரர் சாவதில்லை, ஊர் திரும்புகிறார். வீரரின் பெயரோ வசனமோ யாருடைய சாதியையும் உடலையும் வீட்டையும் தொடக் கூடாது. தொட்டால் அந்த முறை போய்விடும்.

இனி போட்டி அமைப்பு. தோற்றவர் வெளியே என்று வைத்தால் எட்டு அணிக்கு 7 ஆட்டத்தில் வேலை முடியும். ஆனால் முதல் சுற்றிலேயே வகுப்பில் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பவர்கள் ஆகிவிடுவார்கள். பெரும்பாலும் நாம் யாருக்காக இதைத் தொடங்கினோமோ அவர்கள்தான். எல்லாரும் எல்லாரோடும் ஆட 28 ஆட்டங்கள், நேரம் போதாது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டில் பொதுப்பிரிவில் மட்டும் 180க்கும் மேற்பட்ட அணிகள்; ஒன்றும் வெளியேற்றப்படாமல் 11 சுற்றுகளும் ஆடின. அது சுவிஸ் முறை: ஒவ்வொரு சுற்றிலும் சம வெற்றி பெற்றவர்கள் மோதுவார்கள். எட்டு அணிக்கு மூன்று சுற்று, 12 ஆட்டம். ஒரு பாடவேளைக்கு ஒரு சுற்று. நான்கு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கும். முடிவில் மூன்றிலும் வென்ற அணி ஒன்றுதான் இருக்கும், மூன்றிலும் தோற்ற அணியும் ஒன்றுதான். அந்த அணியும் முதல் அணி ஆடிய அத்தனை சுற்றும் ஆடியிருக்கும்.

மூன்றாம் சுற்றில் ஆசிரியர் எங்கே நிற்பது? வெற்றி இல்லாத இரண்டு அணிகள் மோதும் மேசையருகே. இறுதி ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் தானே சேர்ந்துவிடும்.