பூட்டிய அச்சகமும் 13 சதவீதமும்

2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். வினாத்தாள் அடிக்கக் காகிதம் இல்லை. காகிதம் இறக்க டொலர் இல்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிற எனக்கு, பணவீக்கத்தை விளங்கப்படுத்த அந்த வருடம் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.

"காசு அச்சடிச்சது" என்று சனம் சொல்வது சரிதான், ஆனால் அதற்கு இயந்திரம் ஓடவேண்டும் என்றில்லை. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். வருமானம் விழுந்தது, செலவு விழவில்லை. அரசாங்கம் திறைசேரி உண்டியல்களை விற்கப் போனது. அரசாங்கம் தரவிருந்த குறைந்த வட்டிக்கு வாங்க ஆளில்லாதபோது மத்திய வங்கியே வாங்கி, அரசாங்கத்தின் கணக்கில் தொகையை வரவு வைத்தது. யாருடைய சேமிப்பும் பின்னால் நிற்காத புதுக் காசு அது. அது இறக்குமதிச் சாமானைத் தேடிப் போனது, டொலர் கரைந்தது. வங்கியில் ஒரு டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்ததால், வெளிநாட்டிலிருந்த எங்கள் பிள்ளைகள், டொலருக்குக் கூடுதலாகத் தந்த, வங்கிக்கு வெளியே காசு மாற்றுகிற உண்டியல்காரர் மூலம் காசு அனுப்பினார்கள். வங்கிக்கு அந்த டொலரும் வரவில்லை. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பில், பயன்படுத்தக்கூடியது 50 மில்லியனும் இல்லை என்று 2022 மே மாதம் நிதியமைச்சர் சொன்னார். அதற்கு முன்பே, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் கட்டுவது நின்றிருந்தது.

செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். எங்கள் ஒழுங்கையில் கணவனை இழந்த ஓர் அம்மா, நிலையான வைப்பின் வட்டியில்தான் சீவிக்கிறார். வட்டி ஒரு சதமும் குறையாமல் மாதாமாதம் வந்தது. ஆனால் முந்திய செப்டெம்பரில் 59 ரூபாவுக்கு வாங்கியதை வாங்க இப்போது 100 ரூபா வேண்டியிருந்தது. முதலில் பால்மா நின்றது, பிறகு மீன். அவரிடமிருந்து எடுத்ததை யாரும் வரி என்று சொல்லவில்லை, பாராளுமன்றத்தில் அதற்கு வாக்கெடுப்பும் நடக்கவில்லை. இதில் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

"அப்ப சட்டம் ஒண்டும் இருக்கேல்லையா, ரீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இருந்தது. 2003ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 2006க்குள் பாதீட்டுப் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்துக்கும், 2013க்குள் கடனை 60 சதவீதத்துக்கும் இறக்கச் சொன்னது. இறங்கவில்லை, சட்டத்தைத் திருத்தி வருடத்தைத் தள்ளிப்போட்டார்கள். மத்திய வங்கியோ 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடந்தது. கடன் கேட்கிற திறைசேரியின் செயலாளரே, கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுக்கிற நாணயச் சபையிலும் உட்கார்ந்திருந்தார்.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் இதைத்தான் உடைத்தது. ஆளும் சபையில் திறைசேரிச் செயலாளருக்கு இப்போது இடமில்லை. அரசாங்கத்துக்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் கொடுக்க முடியாது. பணவீக்க இலக்கு 5 சதவீதம், மேலும் கீழும் 2 சதவீதப் புள்ளி விலகலாம். தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறினால் ஏன் தவறியது, என்ன செய்யப் போகிறோம் என்று பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கவேண்டும், அது பொதுமக்களுக்கும் வெளிவரவேண்டும்.

விதி மறுபக்கமும் வெட்டியது. மின்கட்டணமும் எரிபொருள் விலையும் குறைந்து, 2024 செப்டெம்பரிலிருந்து பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனது; 2025 பெப்ரவரியில் மறை 4.2 சதவீதம். சாமான் மலிந்ததற்கு யாரும் கோபிக்கவில்லை. ஆனாலும் இலக்கு தவறியது தவறியதுதான், மத்திய வங்கி அறிக்கை கொடுத்தது. இந்த இடத்தை வகுப்பில் நான் அவசரப்பட்டுத் தாண்டுவதில்லை. கேள்வி கேட்க யாருக்கும் மனமில்லாத நேரத்திலும் பதில் சொல்லவைத்த ஏற்பாடு எங்கள் நாட்டில் அரிது.

அரசாங்கச் செலவுக்குப் போட்ட விதியில்தான் எனக்கு நெருடல். 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம், வட்டி தவிர்ந்த செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. கடன்காரருக்குப் போகும் வட்டி இந்தக் கணக்குக்கு வெளியே. ஆசிரியர் சம்பளமும், ஆஸ்பத்திரி மருந்தும், புதுப் பாலமும் உள்ளே. இடம் நெருக்கும்போது சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கைவைக்க எந்த அரசும் துணியாது. வெட்டுப்படுவது கட்டுமானந்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் வீடுகளை மண்ணோடு கொண்டுபோனது. வீதிகளும் ரயில் பாதைகளும் அறுந்தன. அவற்றைத் திரும்பக் கட்டுகிற செலவும் மாதச் சம்பளமும் ஒரே கணக்கில்தான் சேர்கின்றன.

எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2003இன் கதை எனக்கு மறக்கவில்லை. சம்பளம், மானியம் போன்ற நடைமுறைச் செலவுக்கு ஓர் எல்லை, கட்டுமானத்துக்கு வேறோர் எல்லை என்று பிரித்து எழுதலாம். கட்டுமானம் என்ற பெயரில் வேறு செலவை ஒளிக்காதபடி, ஒவ்வொரு திட்டத்தின் கணக்கையும் கணக்காய்வாளர் நாயகம் பார்க்கட்டும். திருத்தம் கொண்டுவருவதென்றால், கடன் வாங்கக் கை நீளுகிற தேர்தல் வருடத்துக்கு முன்னமே கொண்டுவரட்டும்.