வெள்ளம் வடிந்த எட்டாவது நாள்... கடலோர ஊர்களில் கொசு எங்கிருந்து வருகிறது?

2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செ.மீ. அந்த மாவட்டம் ஒரு வருடம் முழுக்கப் பார்க்கும் மழையைவிட அதிகம். இப்படிப்பட்ட மழைக்குப் பிறகு வெள்ளம் வடிந்தாலும் ஒரு பிரச்னை தங்கிவிடுகிறது. அது கொசு!

பெருமழையின் வேகத்தில் கொசுப்புழுக்கள் அடித்துச் செல்லப்படும். அதனால் முதல் சில நாள்கள் கொசுவே இல்லாததுபோலத் தெரியும். ஆனால், வெள்ளம் விட்டுச்சென்ற தண்ணீரில் இடப்படும் முட்டை, 7 முதல் 10 நாள்களில் கொசுவாகப் பறக்கும். அந்த ஒரு வாரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

சாக்கடையா, குடமா?

சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, இரவில் கடித்து தூக்கத்தைக் கெடுக்கும். யானைக்கால் நோயைப் பரப்புவதும் இதுவே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிக்கும். பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். சாக்கடையைச் சுத்தம் செய்துவிட்டு, மூடாத டிரம்மை வீட்டுக்குள் வைத்திருந்தால் டெங்கு போகாது.

உப்புத் தண்ணீர் காப்பாற்றுமா?

'இது உப்புக்காற்று அடிக்கிற ஊர், கொசு வளராது' என்று நினைக்க வேண்டாம். இலங்கையின் மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் கடலோரப் பகுதிகளில் நடந்த ஆய்வில், கைவிடப்பட்ட படகுகளிலும் பிளாஸ்டிக் டப்பாக்களிலும் தேங்கிய உவர்நீரில்கூட ஏடிஸ் புழுக்கள் இருந்தது தெரியவந்தது. கரையில் ஏற்றி வைத்த படகுகளைக் கவிழ்த்து வைப்பதும், தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும் அவசியம்.

புகை மட்டும் போதாது

தெருவில் அடிக்கும் புகைமருந்து, அந்த நேரத்தில் பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுக்களை ஒன்றும் செய்யாது. அவற்றுக்குத்தான் அபேட் மருந்து. தொட்டியில் அதை ஊற்ற வரும் பணியாளர்களை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள்.

வாரம் ஒரு நாள், 20 நிமிடம்

* தொட்டி, டிரம், குடங்களைக் காலிசெய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டைகள் தண்ணீர் இல்லாமலேயே பல மாதங்கள் தாங்கும். வெறுமனே கொட்டினால் போதாது.
* ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, ஆட்டுக்கல் குழி ஆகியவற்றைப் பாருங்கள்.
* மொட்டைமாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டைகளை அப்புறப்படுத்துங்கள்.
* தண்ணீர்த் தொட்டியை இடைவெளி இல்லாமல் மூடுங்கள். அல்லது துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

காய்ச்சல் விட்டதும் கவனம்!

மழைக்காலக் காய்ச்சலுக்கு நீங்களாகவே ஆஸ்பிரின், இபுபுரூஃபென் வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை இவை அதிகமாக்கலாம். டெங்குவில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் குறையும்போதுதான் தொடங்குகிறது. 'பிள்ளைக்கு ஜுரம் விட்டுடுச்சு' என்று நிம்மதியடையும் அந்த நேரத்தில் கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், அதிக சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஏடிஸ் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டரைத் தாண்டிப் பறப்பதில்லை. உங்களைக் கடித்த கொசு, அநேகமாக உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். அதனால், அந்த 20 நிமிட வேலைக்குப் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.